ஆக்சிஜன் ரீபிரீதர்: 6 மீட்டர் என்ற எல்லை எங்கிருந்து வருகிறது?

கடலிலோ ஏரியிலோ தேடுதல் பணி நடந்தால், "ஆக்சிஜன் சிலிண்டருடன் வீரர்கள் இறங்கினர்" என்று ஒரு வரி நம் செய்திகளில் தவறாமல் வரும். அந்தச் சிலிண்டரில் பெரும்பாலும் இருப்பது ஆக்சிஜன் அல்ல. நாம் தினமும் சுவாசிக்கிற காற்றையே வடிகட்டி, சுமார் 200 பார் அழுத்தத்தில், அதாவது கடல் மட்டக் காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 200 மடங்கில், அடைத்திருப்பார்கள். சுத்த ஆக்சிஜனை மட்டும் சுவாசித்தபடி நீருக்கடியில் இருக்க உதவும் கருவி வேறு. அதற்குப் பெயர் ஆக்சிஜன் ரீபிரீதர், அதாவது விட்ட மூச்சையே சுத்தம் செய்து திரும்ப சுவாசிக்கத் தரும் கருவி.

இதன் மேல் ஆசை வருவதில் ஆச்சரியமில்லை. குமிழி வராது, சத்தம் இருக்காது, மீன்கள் விலகி ஓடாது. காற்றுச் சிலிண்டரோடு இறங்கும் சாதாரண ஸ்கூபா செட்டைவிடப் பல மடங்கு சிறிய சிலிண்டர் 2, 3 மணி நேரத்துக்குத் தாங்கும். பழைய ராணுவக் கருவிகள் இணையத்தில் விற்பனைக்கு வருகின்றன. வீட்டிலேயே செய்துகொள்ளும் வரைபடங்களும் சுற்றுகின்றன. "ஆழமில்லாத இடம்தானே, ஆக்சிஜன் நல்லதுதானே" என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. இந்த எண்ணத்தின் இரண்டு பாதிகளும் தவறு. ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

ஒரு மூச்சில் நாம் எவ்வளவு பயன்படுத்துகிறோம்?

உள்ளே இழுக்கும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். வெளியே விடும் மூச்சில் இன்னும் 16, 17 சதவீதம் மிச்சமிருக்கிறது. உடம்பு எடுத்துக்கொண்டது 4, 5 சதவீதம்தான். அதற்குப் பதிலாகச் சுமார் 4 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்திருக்கும்.

சாதாரண ஸ்கூபாவில் விட்ட மூச்சு முழுவதும் குமிழியாகப் போய்விடுகிறது. நிதானமாக நீந்துபவருக்கு நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்று வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு என்பதால், சிலிண்டரிலிருந்து 40 லிட்டர் போகும். 12 லிட்டர் சிலிண்டரை 200 பாருக்கு நிரப்பினால் 2,400 லிட்டர். ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

அதே ஆள் உண்மையில் எரிக்கும் ஆக்சிஜன் நிமிடத்துக்கு 1 முதல் 1.5 லிட்டர். இந்த அளவு ஆழத்தைப் பொறுத்து மாறுவதில்லை, உழைப்பைப் பொறுத்தே மாறும். அப்படியென்றால் 1.5 லிட்டர் கொள்ளளவுள்ள சின்னச் சிலிண்டரில் இருக்கும் 300 லிட்டர் ஆக்சிஜன், கணக்குப்படி 200 முதல் 300 நிமிடம் வரும். ரீபிரீதரின் கவர்ச்சி முழுவதும் இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது.

கருவிக்குள் என்ன இருக்கிறது?

1. மவுத்பீஸ், அதாவது வாயில் கவ்விக்கொள்ளும் முனை. கூடவே மூடித் திறக்கும் ஒரு வால்வு இருக்கும். வாயிலிருந்து எடுக்கும் முன் அதை மூடாவிட்டால் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும்.
2. சுவாசப் பை. மார்பிலோ முதுகிலோ இருக்கும். மூச்சு விட்டால் உப்பும், இழுத்தால் சுருங்கும்.
3. ஸ்கிரப்பர். கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சோடா சுண்ணாம்பு நிரப்பிய டப்பா.
4. ஆக்சிஜன் சிலிண்டரும் அதன் ரெகுலேட்டரும். பை காலியாகும்போது தானாகத் திறக்கும் வால்வு, கையால் அழுத்தும் வால்வு, சீராகக் கசியவிடும் துளை என்று கருவிக்குக் கருவி இது மாறும்.

அவ்வளவுதான். பழைய ரகங்களில் ஒரே குழாய் வழியாகவே மூச்சு போய்த் திரும்பும். பின்னால் வந்தவற்றில் இரண்டு குழாய்களும், ஒரு வழி வால்வுகளும் உண்டு. ஜெர்மனியின் டிரேகர் நிறுவனம் செய்த எல்.ஏ.ஆர். 5 இந்த இரண்டாம் வகை. அமெரிக்கக் கடற்படை அதை எம்.கே. 25 என்ற பெயரில் பயன்படுத்துகிறது.

இன்று டெக்னிக்கல் டைவர்கள், அதாவது பொழுதுபோக்கு எல்லைகளைத் தாண்டி இறங்குபவர்கள், அணியும் விலை உயர்ந்த ரீபிரீதர்கள் வேறு குடும்பம். அவற்றில் இரண்டு சிலிண்டர்கள், பெரும்பாலும் மூன்று ஆக்சிஜன் சென்சார்கள், மணிக்கட்டில் ஒரு கணினித் திரை இருக்கும். பைக்குள் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று நொடிக்கு நொடி தெரியும். வழக்கமான ஆக்சிஜன் ரீபிரீதரில் இவை எதுவும் கிடையாது. தீர்ந்து போகும் பேட்டரியும் இல்லை, பொய் சொல்லும் சென்சாரும் இல்லை என்று இதைப் புகழ்வார்கள். உண்மைதான். ஆனால் தவறு நடந்தால் சொல்வதற்கும் அங்கே எதுவும் இல்லை.

ஆக்சிஜன் எப்போது நஞ்சாகிறது?

கடல் மட்டத்தில் நம் மேல் 1 பார் அழுத்தம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொரு பார் கூடும். ஒரு கலவையில் ஆக்சிஜன் மட்டும் தரும் அழுத்தத்தைப் பகுதி அழுத்தம் என்கிறோம். உடம்புக்கு முக்கியம் சதவீதம் அல்ல, இந்தப் பகுதி அழுத்தம்.

சுத்த ஆக்சிஜனில் கணக்கு நேரடியானது: 4 மீட்டரில் 1.4 பார், 6 மீட்டரில் 1.6 பார், 10 மீட்டரில் 2 பார். காற்றை சுவாசிப்பவர் 1.6 பாரைத் தொட வேண்டுமென்றால் ஏறக்குறைய 66 மீட்டர் இறங்க வேண்டும். சுத்த ஆக்சிஜன்காரர் மூன்று ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போனாலே அங்கே நிற்கிறார். ஆழமில்லாத இடம் என்பது ஸ்கூபாக்காரருக்குத் தரும் நிம்மதியை இவருக்குத் தருவதில்லை.

பொழுதுபோக்கு டைவிங்கில் நீந்தும்போது 1.4 பார், அசையாமல் ஓய்வாக இருக்கும்போது 1.6 பார் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட மேல் வரம்பு. அமெரிக்கக் கடல்சார் அமைப்பான நோவாவின் அட்டவணை, ஒரு முறை இறங்கும்போது 1.4 பாரில் 150 நிமிடம், 1.6 பாரில் 45 நிமிடம் என்று நேரத்தையும் கட்டுகிறது. 4 மீட்டருக்கும் 6 மீட்டருக்கும் நடுவே வெறும் 2 மீட்டர். அனுமதித்த நேரமோ மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது.

வரம்பை மீறினால் என்ன ஆகும்? பார்வை ஓரங்களில் குறுகலாம், காதில் இரைச்சல் கேட்கலாம், குமட்டல், உதடு துடிப்பு, எரிச்சல், தலைச்சுற்றல் வரலாம். அப்புறம் வலிப்பு. இந்த முன்னறிகுறிகள் எதுவும் இல்லாமல் நேரடியாக வலிப்பு வருவதும் உண்டு. நிலத்தில் இந்த வலிப்பு பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். நீருக்கடியில் மவுத்பீஸ் வாயிலிருந்து நழுவுகிறது, ஆள் மூழ்கி இறக்கிறார்.

கருவியும் எச்சரிக்கையும் ஒரே ஆண்டில்

இங்கிலாந்தின் ஹென்றி ஃப்ளூஸ் நடைமுறைக்கு உதவும் முதல் ஆக்சிஜன் ரீபிரீதருக்குக் காப்புரிமை பெற்றது 1878-இல். அதே ஆண்டில்தான் பிரெஞ்சு உடலியலாளர் பால் பெர், உயர் அழுத்த ஆக்சிஜன் விலங்குகளுக்கு வலிப்பு வரவழைப்பதை வெளியிட்டார். 1880-இல் வெள்ளம் புகுந்த செவர்ன் ரயில் சுரங்கத்துக்குள் அலெக்சாண்டர் லாம்பெர்ட் என்ற டைவர் ஃப்ளூஸின் கருவியோடு போய் இரும்புக் கதவை மூடிவிட்டு வந்தார். கருவியின் புகழ் பரவியது. பெர்ரின் எச்சரிக்கை டைவர்களிடம் போய்ச் சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஜாக் கூஸ்தோகூட, இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய சோதனைகளில் 14 மீட்டரை ஒட்டிய ஆழத்தில் இரண்டு முறை ஆக்சிஜன் வலிப்புக்கு ஆளாகித் தப்பித்தார். அதன் பிறகே அழுத்தக் காற்றின் பக்கம் திரும்பினார்.

1941 டிசம்பர் 19 அதிகாலையில் ஆறு இத்தாலியர்கள் ஆக்சிஜன் ரீபிரீதர் அணிந்து, மனிதர் ஏறி ஓட்டும் டார்பிடோக்களில் அலெக்சாண்ட்ரியா துறைமுகத்துக்குள் புகுந்து, வேலியன்ட், குயின் எலிசபெத் என்ற இரு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களைச் சேதப்படுத்தினார்கள். பிரிட்டனும் அதே வகைப் படை அமைக்க இறங்கியது. பயிற்சியில் ஆட்கள் திடீர் திடீரென்று நினைவிழந்தார்கள். கென்னத் டொனால்ட் என்ற கடற்படை மருத்துவர் 1942 முதல் தன்னார்வலர்களை வைத்துப் பெரும் எண்ணிக்கையில் சோதனைகள் நடத்தினார். முடிவுகள் 1947-இல் வெளிவந்தன.

அவற்றில் தொடங்குபவர்கள் மனதில் நிறுத்த வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரே டைவரை, ஒரே ஆழமான 70 அடியில், சுமார் மூன்று மாத காலத்தில் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். அவருக்கு அறிகுறி வர ஒரு நாள் 7 நிமிடம் ஆனது. இன்னொரு நாள் 148 நிமிடம் ஆனது. ஆளும் மாறவில்லை, ஆழமும் மாறவில்லை. தாங்கும் திறன் மட்டும் 20 மடங்குக்கு மேல் ஊசலாடியது. உலர்ந்த அழுத்த அறையில் தாங்கியவர்கள் தண்ணீருக்குள் அதே அளவு தாங்கவில்லை என்பதும், உடலுழைப்பு சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் வலிப்பு வருகிறது என்பதும் அப்போதே தெரிந்துவிட்டன.

"போன வாரம் 9 மீட்டர் போனேன், ஒன்றும் ஆகவில்லை" என்று ஒருவர் சொன்னால், அது போன வாரத்தைப் பற்றிய தகவல் மட்டுமே. இன்றைக்கு அவர் உடம்பு என்ன செய்யும் என்பதற்கு அதில் எந்தச் சான்றும் இல்லை.

கடற்படை அட்டவணையை நாமும் எடுத்துக்கொள்ளலாமா?

அமெரிக்கக் கடற்படை 25 அடியில், அதாவது சுமார் 7.6 மீட்டரில், 240 நிமிடம் வரை ஆக்சிஜனில் இருக்க அனுமதிக்கிறது. 30 அடியில் 80 நிமிடம், 40 அடியில் 15, 50 அடியில் 10. இதைப் பார்த்துவிட்டு 6 மீட்டர் எல்லை வெறும் பயம் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள்.

அந்த எண்கள் யாருக்காக எழுதப்பட்டவை என்று பார்க்க வேண்டும். மருத்துவப் பரிசோதனையில் தேறிய இளம் வீரர்கள், ஒருவரோடு ஒருவர் கயிற்றால் இணைந்து, கண்காணிப்பின் கீழ் நீந்துகிறார்கள். பணியின் அவசியத்துக்காக அந்த அமைப்பு ஓர் ஆபத்தை அளந்து ஏற்றுக்கொள்கிறது. மீன் பார்க்கப் போகிறவருக்கு அப்படி ஏற்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை. என்னைக் கேட்டால், தொடங்குபவருக்கு 6 மீட்டர்கூட இலக்கு ஆகக் கூடாது. 4 மீட்டரில் திட்டமிட்டு, 6 மீட்டரைத் தவறுதலுக்கான இடமாக வைத்துக்கொள்வதே சரி.

எதிர்த் திசை ஆபத்து: ஆக்சிஜன் போதாமை

சுத்த ஆக்சிஜன் கருவியில் ஆக்சிஜன் இல்லாமல் மயங்க முடியுமா? முடியும். அதுவும் இடுப்பளவு தண்ணீரிலேயே முடியும். புதியவர்கள் நம்ப மறுப்பது இதைத்தான்.

காற்றை நன்றாக உள்ளிழுத்துவிட்டு மவுத்பீஸைக் கடிக்கிறீர்கள். நுரையீரலில் 5 லிட்டர் காற்று இருந்தால், அதில் ஏறத்தாழ 4 லிட்டர் நைட்ரஜன். அது மூச்சோடு பைக்குள் போகிறது. உடம்பு நைட்ரஜனை எரிப்பதில்லை, சோடா சுண்ணாம்பும் அதைப் பிடிப்பதில்லை. ஆக்சிஜன் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும். பை முழுக்கச் சுருங்கினால்தான் வால்வு புதிய ஆக்சிஜனைத் திறக்கும். 4 லிட்டர் நைட்ரஜன் போய் வந்துகொண்டிருந்தால் பை சுருங்காது. நிதான மூச்சுக்கு 1, 2 லிட்டர் போதுமே! மூச்சு இதமாகப் போய் வருவதாகவே தோன்றும்.

மூச்சு முட்டும் உணர்வைத் தருவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடுதான். அதை ஸ்கிரப்பர் எடுத்துவிடுகிறது. எனவே திணறல் இல்லை, பதற்றம் இல்லை. நேராக மயக்கம்.

இதற்கான மருந்து பர்ஜ் என்கிற கழுவுதல். கருவிக்குக் கருவி நுணுக்கம் மாறும், அடிப்படை இதுதான்:

1. பையிலிருக்கும் வாயுவை முழுவதும் உறிஞ்சி, மூக்கு வழியாக வெளியேற்றிப் பையைத் தட்டையாக்க வேண்டும்.
2. நுரையீரலில் இருப்பதையும் முடிந்தவரை வெளியே விட வேண்டும்.
3. பையை ஆக்சிஜனால் நிரப்பி, அதிலிருந்து இழுத்து, மூச்சை மறுபடி மூக்கு வழியாக வெளியே விட வேண்டும்.
4. இதையே இன்னும் ஓரிரு முறை திரும்பச் செய்ய வேண்டும்.

நடுவில் தலையைத் தூக்கி ஒரே ஒரு முறை வெளிக்காற்றை சுவாசித்தாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நண்பரிடம் ஒரு வார்த்தை பேச மவுத்பீஸை எடுத்துவிட்டு அப்படியே திரும்ப இறங்குவது, இந்தக் கருவியில் செய்யக்கூடிய மிக மோசமான காரியங்களில் ஒன்று. உடம்பின் திசுக்களில் கரைந்திருந்த நைட்ரஜனும் மெல்ல வெளியேறிப் பையில் சேரும் என்பதால், நீண்ட டைவில் அவ்வப்போது பையைப் புதுப்பிக்கச் சொல்லித் தருவார்கள். மேலே ஏறும்போது பகுதி அழுத்தம் விழுவதால், கீழே தாக்குப்பிடித்த கலவை மேற்பரப்புக்கு அருகில் காலை வாரிவிடும்.

ஸ்கிரப்பர்: கையால் செய்யும் வேலை

சோடா சுண்ணாம்பு என்பது பெரும்பகுதி கால்சியம் ஹைட்ராக்சைடு, கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடு, கொஞ்சம் ஈரம். கார்பன் டை ஆக்சைடு இதில் பட்டால் கால்சியம் கார்பனேட்டும் தண்ணீரும் சூடும் உண்டாகின்றன. டப்பா வெதுவெதுப்பாவது அது வேலை செய்வதற்கு அடையாளம். ஆனால் போதுமான அளவு செய்கிறதா என்பதை அந்தச் சூடு சொல்லாது.

குருணைகளை நிரப்பும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. படியில் அரிசி அளக்கும்போது தட்டித் தட்டி அமர வைப்பதுபோல, கொஞ்சம் கொட்டி, பக்கங்களைத் தட்டி, மறுபடி கொட்டி, விளிம்புவரை கொண்டுவர வேண்டும். எங்காவது இடைவெளி விட்டால் மூச்சு எளிதான அந்த வழியாகவே ஓடும். சுற்றியுள்ள குருணை புதிதாக இருந்தும் பயன்படாது. தூள் கலந்த பழைய குருணையைச் சலித்துத் திரும்பப் போடுவது, போன முறை மிச்சம் இருந்ததை இன்று பயன்படுத்துவது போன்ற சிக்கனங்களை இங்கே அனுமதிக்கவே கூடாது.

கார்பன் டை ஆக்சைடு தப்பி வந்தால் தலைவலி, வேக மூச்சு, குழப்பம் வரும். அதைவிட மோசமாக, அது மூளைக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது. அதோடு ஆக்சிஜனும் கூடுதலாக மூளையை அடைகிறது. 5 மீட்டரில் பாதுகாப்பாக இருந்திருக்க வேண்டியவருக்கு வலிப்பு வரும் பாதை இதுதான். இறங்கும் முன் 5 நிமிடம் கரையில் சுவாசித்துப் பார்க்கும் பழக்கம் நல்லதுதான். ஆனால் பாதி பழுதான ஸ்கிரப்பரை அந்த 5 நிமிடம் காட்டிக்கொடுக்கும் என்று நம்பக் கூடாது.

தண்ணீர் உள்ளே புகுந்து குருணையோடு கலந்தால் காரமான குழம்பு வாய்க்கு வரும். வாயும் தொண்டையும் புண்ணாகும். அதனால் இறங்கும் முன் கசிவுச் சோதனை கட்டாயம். பையை ஊதி மூடி, தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

நிலத்தில் இருக்கும் ஆபத்து

உயர் அழுத்த ஆக்சிஜனில் எண்ணெய், கிரீஸ், தூசு எல்லாமே எரிபொருள். வால்வைப் படாரென்று திறந்தால் குழாயில் அழுத்தம் திடீரென ஏறிச் சூடாகித் தீப்பிடிக்கலாம். வால்வை மெதுவாகத் திறப்பது, ஆக்சிஜனுக்கென்றே தயாரித்த கிரீஸை மட்டும் பூசுவது, ஆக்சிஜனுக்கென்று சுத்தம் செய்யாத பாகங்களைச் சேர்க்காமலிருப்பது ஆகிய மூன்றும் விதி. சாதாரண சிலிகான் கிரீஸ் இங்கே கூடாது.

அப்படியானால் எப்படித் தொடங்குவது?

போருக்குப் பிறகு இத்தாலியில் பொதுமக்களுக்கான டைவிங் வகுப்புகளிலேயே இந்தக் கருவி பல பத்தாண்டுகள் இடம்பெற்றிருந்தது. மூச்சு ஒழுங்கு படிவதற்கு நீச்சல் குளத்தில் இதைவிடக் கண்டிப்பான ஆசிரியர் இல்லை என்று கருதினார்கள். இன்று பெரிய பயிற்சி நிறுவனங்களின் பொழுதுபோக்கு ரீபிரீதர் வகுப்புகள் மின்னணுக் கண்காணிப்புள்ள கருவிகளை வைத்தே நடக்கின்றன. சுத்த ஆக்சிஜன் வகுப்பு கிடைப்பது அரிது. கிடைக்கவில்லை என்பதற்காகத் தானே கற்றுக்கொள்வது இதற்குத் தீர்வாகாது. காத்திருப்பது, அல்லது சாதாரண ஸ்கூபாவில் நிறைவடைவது, இரண்டில் ஒன்று.

வழி கிடைத்தவர்களுக்கு என் வரிசை இது:

1. முதலில் சாதாரண ஸ்கூபாவில் மிதப்புக் கட்டுப்பாடு கைவர வேண்டும். ஸ்கூபாவில் நெஞ்சு நிறைய இழுத்தால் கொஞ்சம் உயர்வோம். ரீபிரீதரில் மூச்சு நுரையீரலுக்கும் பைக்கும் இடையே இடம் மாறுவதால் அந்த உதவி கிடைக்காது. ஆழத்தைப் பிடித்து நிற்கத் தெரியாதவருக்கு 6 மீட்டர் எல்லை வெறும் எண்.
2. வலிப்பு வரலாறு உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. மற்றவர்களும் டைவிங் மருத்துவம் தெரிந்தவரிடம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்கொள்ளும் மருந்துகளையும் அவரிடம் சொல்ல வேண்டும்.
3. முதல் பல அமர்வுகள் நீச்சல் குளத்தில், பயிற்றுநர் பக்கத்தில் இருக்க நடக்க வேண்டும். கழுவுதலும், மவுத்பீஸ் வால்வை மூடுவதும் யோசிக்காமல் கை தானாகச் செய்யும்வரை கடலுக்குப் போக வேண்டாம்.
4. கடலில், தரையே 6 மீட்டருக்கு மேல் ஆழமில்லாத இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆழமானி கவனத்தை நம்பியிருக்கிறது. மணல் தரை யாருடைய கவனத்தையும் நம்பி இல்லை. செங்குத்தாக இறங்கும் பாறைச் சுவரின் ஓரத்தில் சுத்த ஆக்சிஜனோடு நீந்துவதை எந்த அனுபவமும் நியாயப்படுத்தாது.
5. மவுத்பீஸை வாயோடு பிடித்து வைக்கும் பட்டை அணிய வேண்டும். கூட வருபவர் கண்ணெட்டும் தூரத்தில் இருந்தால் போதாது, கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

நைட்ரஜன் இல்லாததால் இந்த ஆழத்தில் டிகம்பிரஷன் நோய், அதாவது உடம்பில் கரைந்த நைட்ரஜன் மேலே ஏறும்போது குமிழியாவதால் வரும் நோய், பற்றிக் கவலையில்லை. ஆனால் மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழியும் ஆபத்து அப்படியேதான் இருக்கிறது. கரையேறிச் சில மணி நேரம் கழித்துக் காது அடைத்ததுபோல் இருக்கும். நடுச்செவியில் தங்கிய ஆக்சிஜனைத் திசுக்கள் உறிஞ்சிக்கொள்வதால் வருவது அது. விழுங்கினால், மெதுவாகக் காதைச் சமன் செய்தால் சரியாகிவிடும்.

பழைய ராணுவக் கருவி வாங்குவது

விலை மலிவாகக் கிடைப்பவற்றில் சோவியத் காலத்து ஐ.டி.ஏ. 71 அடிக்கடி கண்ணில் படும். அதில் ஒரு டப்பா வழக்கமான உறிஞ்சிக்கானது. இன்னொன்று பொட்டாசியம் சூப்பராக்சைடு வகைப் பொருளுக்கானது. கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து ஆக்சிஜனை வெளிவிடும் அந்தப் பொருள், தண்ணீர் பட்டால் மூர்க்கமாக வினைபுரியும். உள்ளே எது மிச்சமிருக்கிறது என்று தெரியாத டப்பாவைத் திறந்து கழுவுவதே விபத்துக்குப் போதும். இதில்லாத மற்றப் பழைய கருவிகளிலும் ரப்பர் பை முதுமையில் வெடித்திருக்கும், ஒரு வழி வால்வுகளின் மெல்லிய இதழ்கள் விறைத்திருக்கும். அந்த இதழ் சரியாக மூடாவிட்டால், விட்ட மூச்சு ஸ்கிரப்பருக்குப் போகாமலேயே திரும்பி வரும். சேகரிப்பாளர் அலமாரியில் வைக்க வாங்கலாம். தண்ணீரில் இறக்க வேண்டுமென்றால் உதிரி பாகமும், அந்த ரகத்தைப் பழுது பார்க்கத் தெரிந்த ஆளும், அதிலேயே பயிற்சி தருபவரும் இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.